பன்னிரண்டு வருட ஒப்பந்தம்

கிழக்கு தில்லியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதனால் மூன்றாவது மாடிப் பெரியவர் இறங்கி வந்து ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்றால் விஷயம் முக்கியமானதாகத்தான் இருக்கும். லக்னோக்காரர். ரயில்வே கணக்குத் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காய்கறிக்காரர் எடையில் ஏமாற்றினால்கூட ‘ஆப்’ போட்டுத்தான் சண்டை பிடிப்பார். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகன் சியாட்டிலில்.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை. வெயில் விழும் பால்கனியில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்த பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தார்.

“நாய் சராசரியாக எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்?”

மகன் போனில் சொன்னானாம். ‘தனியாக இருக்கிறீர்கள். பிறந்தநாளுக்கு ஒரு லாப்ரடார் குட்டி வாங்கி அனுப்பச் சொல்கிறேன்.’ எங்கள் வீட்டில் முன்பு ஒரு நாய் இருந்தது அவருக்குத் தெரியும். அதனால் என்னிடம் யோசனை கேட்க வந்திருக்கிறார்.

“பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும்” என்று யோசிக்காமல் சொன்னேன். அவர் யோசித்தார். பேனாவை எடுத்துச் செய்தித்தாள் ஓரத்தில் கூட்டல் போட்டார். 71-ம் 12-ம் 83. “எங்கள் அப்பா 79-ல் போனார். அண்ணா 81. கணக்கு இடிக்கிறதே” என்றார்.

நாய் வளர்க்கத் தயங்குகிறவர்கள் சொல்லும் காரணம் வழக்கமாக இதற்கு நேர் எதிரானது. நமக்கு முன்னால் அது போய்விடும், அந்தத் துக்கத்தை யார் தாங்குவது என்பார்கள். ‘எனக்கு அப்புறம் அது எங்கே போகும்?’ என்று கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர்கள் பூட்டிய கிரில் கதவுக்குப் பின்னாலும் வாழ்கிற நகரங்களில் இந்தக் கேள்வி இனி அடிக்கடி எழும். பத்துப் பன்னிரண்டு என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னது அவருக்கு நியாயம் செய்யாத பதில் என்று பட்டது. கொஞ்சம் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மொத்தச் சராசரியில் நான் அதிகம் தவறிவிடவில்லை. 2024 பிப்ரவரியில் பிரிட்டனிலிருந்து ஒரு பெரிய கணக்கு வெளிவந்தது. 5,84,734 நாய்களின் பதிவுகளை அலசிப் பார்த்ததில், நாயின் நடு ஆயுள் 12.5 வருடம் என்று வந்தது. அதாவது பாதி நாய்கள் இந்த வயதுக்கு முன்னால் போகின்றன, மீதிப் பாதி இதைத் தாண்டுகின்றன. பெட்டைக்கு 12.7, கடுவனுக்கு 12.4. இந்த விஷயத்தில் மனிதர்களைப் போலவேதான்.

ஆனால் சராசரி என்பது நாலு அடி ஆழமுள்ள ஆற்றில் ஆள் மூழ்கிப்போன கதைதான். அதே கணக்கில் லங்காஷயர் ஹீலர் என்ற குட்டை நாய்க்கு ஆயுள் 15.4 வருடம். லாப்ரடாருக்கு 13.1. இப்போது பெருநகரங்களில் நாகரிகமாகிவிட்ட சப்பை மூக்கு ஃபிரெஞ்ச் புல்டாகுக்கு 9.8. எந்த நாய் என்று கேட்காமல் எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது.

இதில் இயற்கையின் ஒரு வினோதம் இருக்கிறது. பொதுவாக, பெரிய மிருகம் நீண்ட காலம் வாழும். யானைக்கு அறுபது எழுபது வருடம், சுண்டெலிக்கு இரண்டு மூன்று. நாய் என்ற ஒரே இனத்துக்குள் வந்தால் இந்த விதி தலைகீழாகிறது. ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் கிரேட் டேன் எட்டு ஒன்பது வயதிலேயே கிழமாகி விடைபெறுகிறது. மடியில் அடங்கும் சின்ன நாய் பதினாலு பதினைந்து வயது வரை சோபாவை ஆள்கிறது. 74 ஜாதி நாய்களை ஒப்பிட்டு 2013-ல் வந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு வாய்ப்பாடே போட்டது. உடல் எடையில் ஒவ்வொரு இரண்டு கிலோ கூடுதலுக்கும் ஆயுளில் சுமார் ஒரு மாதம் குறைகிறது.

காரணம் வளர்ச்சியின் வேகம். கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோ இருக்கும். ஒரு வருடத்தில் ஐம்பது கிலோவைத் தொடுகிறது. நம் குழந்தை முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகிறது. அதற்கே பாட்டிமார்கள் சந்தோஷப்படுகிறார்கள். அவ்வளவு அவசரமாகக் கட்டின உடம்பு அவசரமாகவே தேய்கிறது. சின்ன நாயைச் சின்னதாகவே வைத்திருப்பதில், இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணிக்கான மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பதை 2007-ல் கண்டுபிடித்தார்கள். எலிகளிலும் அந்தக் காரணி குறைந்தால் ஆயுள் கூடுகிறது. பெரிய நாய்கள் தங்கள் ஆகிருதிக்கு வருடங்களாக விலை கொடுக்கின்றன.

ஆகிருதியை வேண்டி வாங்கியது நாய் அல்ல. பெரிதாக வேண்டும், குட்டையாக வேண்டும், மூக்குச் சப்பையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்தது மனிதன். இன்று நாம் பார்க்கும் ஜாதி நாய்களில் பெரும்பாலானவற்றின் உருவம் கடந்த இருநூறு வருடத்துக்குள் செதுக்கப்பட்டதுதான்.

பெரியவருக்கு இன்னொரு சந்தேகம். “நாயின் ஒரு வருடம் நம்முடைய ஏழு வருடம் என்கிறார்களே?” அதுவும் தப்புக் கணக்கு. ஏழால் பெருக்கினால் ஒரு வயது நாய் இரண்டாம் வகுப்பு படிக்க வேண்டும். நிஜத்தில் அது அதற்குள் குட்டி போடத் தயாராகிவிடுகிறது. 2020-ல் கலிஃபோர்னியாவின் சான்டியாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 104 லாப்ரடார்களின் ரத்தத்தில், வயதாக ஆக டி.என்.ஏ. மீது படியும் ரசாயன அடையாளங்களை மனிதர்களின் அடையாளங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். நாய் முதல் சில வருடங்களில் நாலுகால் பாய்ச்சலில் வயதாகி, பிறகு நிதானப்படுகிறது என்று தெரிந்தது. அவர்கள் கணக்குப்படி ஒரு வயது லாப்ரடார் முப்பது வயது மனிதருக்குச் சமம். நாலு வயது என்றால் ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. பன்னிரண்டு வயதில் சுமார் 71.

“அப்படியென்றால் என் வயது நாய்க்குப் பன்னிரண்டு” என்றார் அவர். அதைக் கேட்டு அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நீண்ட ஆயுள் பற்றிச் சொல்லும்போது சாதனையாளர்களை விட முடியாது. ஆஸ்திரேலியாவில் 1910-ல் வந்து ஆடுமாடு மேய்த்த ப்ளூயி என்ற நாய் 1939 வரை, 29 வருடமும் 5 மாதமும் வாழ்ந்ததாக கின்னஸ் புத்தகம் சொல்கிறது. 2023-ல் போர்ச்சுகலிலிருந்து பாபி என்ற நாய் வந்து இதை முறியடித்தது. 31 வயது என்றார்கள். பிறந்தநாள் விழாவெல்லாம் நடந்தது. அந்த வருடம் அக்டோபரில் பாபி இறந்தது. அதன் பிறகு கால்நடை மருத்துவர்கள் சந்தேகம் எழுப்ப, 2024 பிப்ரவரியில் போதிய ஆதாரம் இல்லை என்று கின்னஸ் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நாய் தன் வயதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொன்னவர்கள் மனிதர்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நாயின் ஆயுளை முதலில் தீர்மானிப்பது அது வாசலுக்கு உள்ளே பிறந்ததா, வெளியே பிறந்ததா என்பதுதான். கொல்கத்தாவில் உள்ள மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மேற்கு வங்கத்தில் தெருவில் பிறந்த 364 குட்டிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாத வயதை எட்டியவை நூற்றுக்கு 19. இறந்தவற்றில் 63 சதவிகிதத்துக்கு ஏதோ ஒரு விதத்தில் மனிதன் காரணம். அதே ஊரில், அதே ரத்தத்தில் பிறந்த ஒரு நாட்டு நாய்க்குட்டியை வீட்டுக்குள் எடுத்து, தடுப்பூசி போட்டு, வேளைக்குச் சோறு போட்டால் பன்னிரண்டு, பதிமூன்று வருடம் ஜாம் ஜாமென்று இருக்கும்.

வீட்டு நாய்க்கும் எதிரிகள் உண்டு. முதல் எதிரி நம் ஆசை. 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஒரு பக் நாய் ஓடி வந்தது. தேசமே உருகிப்போய் பக் வாங்கியது. விளம்பரத்தில் அது ஓடிய சாலையில் மர நிழல் இருந்தது. வாங்கியவர்கள் ஊரில் மே மாதம் இருந்தது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூக்கை அமுக்கி வைத்துப் பிறக்கவிட்ட நாய்க்கு அந்த வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. பிரிட்டிஷ் கணக்கிலேயே சப்பை மூக்கு நாய்களின் ஆயுள் 11.2 வருடம். நடுத்தர மூக்குள்ளவற்றுக்கு 12.8. அது பிரிட்டன் குளிரில். தில்லியின் 45 டிகிரியில் பகல் இரண்டு மணிக்கு நடக்கக் கூட்டிப் போனால் ஒரே நாளில் கதை முடியலாம். பனிமலையில் பிறந்த செயின்ட் பெர்னார்டையும் சைபீரியன் ஹஸ்கியையும் ஏ.சி. அறையில் வைத்து வளர்க்கிறவர்கள், மின்வெட்டு என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது எதிரி, குட்டிப் பருவத்து நோய்கள். பார்வோ என்ற வைரஸ் 1978-ல்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. ரத்தமும் வாந்தியுமாகக் குட்டியை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். தடுப்பூசி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாவது மாதத்தில் தொடங்கி டாக்டர் சொல்கிறபடி தொடர வேண்டும். இது நாயின் ஆயுளுக்கு மட்டுமில்லை, நம் ஆயுளுக்கும். அடுத்தது உண்ணி. மிளகு அளவுப் பூச்சி. அது கடித்து ஏற்றும் காய்ச்சலில் ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் சரிந்து மூக்கில் ரத்தம் வரும்போதுதான் பலர் டாக்டரைத் தேடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது எதிரி, அன்பாகப் போடும் சோறு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு வழக்கமான உணவு. அதன் ஜோடிக்கு அதில் கால் பங்கு குறைவு. வாழ்நாள் முழுதும் இப்படியே போட்டு, 2002-ல் முடிவைச் சொன்னார்கள். வழக்கமாகச் சாப்பிட்டவற்றின் நடு ஆயுள் 11.2 வருடம். குறைவாகச் சாப்பிட்டவை 13 வருடம் இருந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல், தட்டில் கால் பங்கைக் குறைத்ததற்குக் கிடைத்த கூலி கிட்டத்தட்ட இரண்டு வருடம். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. டீ வேளைக்கு மாரி பிஸ்கட், பேரன் தட்டில் மிச்சம் வைத்த பூரி, தீபாவளிக்கு லட்டு. லட்டிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும். நமக்கு முதுகு வலித்தால் போட்டுக்கொள்ளும் மாத்திரையை அதற்கும் பாதி ஒடித்துக் கொடுப்பது எல்லாவற்றையும்விட மோசம்.

நான்காவது எதிரியின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். அறியாமை.

எங்கள் ஜூலி வெள்ளை நிறப் பெட்டை நாய். பொமரேனியன் என்று சொல்லித்தான் வாங்கினோம். அப்படி நாம் அழைக்கும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-ல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தில் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கதையை முடித்து வைக்குமே, அந்த ஜாதி. வெயிலைத் தாங்கும், அதிகம் கேட்காது, பதிமூன்று பதினாலு வருடம் இருக்கும். ஜூலி ஒன்பதில் போய்விட்டாள்.

அது ஒரு மே மாதம். ஒரு வாரமாக நிறையத் தண்ணீர் குடித்தாள். வெயில் என்று நினைத்தோம். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போனாள். அதற்கும் வெயில்தான் காரணம் என்று நினைத்தோம். எழுந்திருக்க முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். கருப்பையில் சீழ் கோத்திருந்தது. கருப்பை நீக்காத பெட்டை நாய்களுக்கு நடு வயதில், பருவம் முடிந்த சில வாரங்களில் வரும் நோய். அந்த ஆபரேஷன் அதிகம் செய்யாத ஸ்வீடனில், பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெட்டைக்கு இது வந்துவிடுவதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இளம் வயதில் செய்திருக்க வேண்டிய ஒரு சாதாரண ஆபரேஷனை, ‘பாவம், எதற்கு அதைக் கத்தியால் அறுக்க வேண்டும்?’ என்று தள்ளிப் போட்டவன் நான். டாக்டர் அன்று இரவே அறுத்தார். ஜூலி கண் விழிக்கவில்லை. அவளுக்கு வர வேண்டிய நாலைந்து வருடத்தை எங்கள் கருணை எடுத்துக்கொண்டது. இனி நாயே வேண்டாம் என்று அன்று முடிவு செய்தோம். பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. நடு வயதில் திடீரென்று தண்ணீர்ப் பாத்திரம் சீக்கிரம் காலியானால் வெயில் மேல் பழி போடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இவ்வளவையும் தாண்டி ஒரு நாய் முழு ஆயுளும் வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் யாரும் முன்கூட்டி எண்ணிப் பார்க்காத அந்தக் கடைசி இரண்டு வருடம் வருகிறது. கண்ணில் வெள்ளை படரும். பின்னங்கால் வழுக்கும். பல் விழுந்து வாய் நாறும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்துக் குரைக்கும். மனிதர்களுக்கு வரும் மறதி நோயைப் போன்ற ஒன்று நாய்க்கும் வருகிறது. வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் மேஜைக்கு அடியில் மாட்டிக்கொண்டு நிற்கும். விரிப்பு நனையும். குட்டியாக இருந்தபோது போட்டோ எடுத்த கைகள் அப்போது மூக்கைப் பொத்துகின்றன.

விலங்குக் காப்பகங்களின் வாசலில் விடியற்காலையில் கட்டிப் போட்டுவிட்டுப் போகும் நாய்களில் கிழ நாய்கள் ஏராளம். வீடு மாற்றம், வேலை மாற்றம், குழந்தை பிறந்திருக்கிறது என்று காரணங்கள் எப்போதும் இருக்கின்றன. இது குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் மிருகத்தைக் கைவிடுவதை 1960-ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டம் குற்றமாக்கியது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனி நபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலனாக வந்த சட்டம். முதல் தடவைக் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பன்னிரண்டு வருட விசுவாசத்துக்குச் சட்டப் புத்தகம் போட்ட மதிப்பு அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது பெரியவர் மகாபாரதத்துக்குப் போனார். கடைசிப் பயணத்தில் தம்பிகளும் திரௌபதியும் ஒவ்வொருவராக விழுந்த பிறகும் தருமரோடு கூடவே போனது ஒரு நாய். அதை விட்டுவிட்டு ரதத்தில் ஏறு என்று இந்திரன் சொல்ல, அப்படியானால் சொர்க்கமே வேண்டாம் என்று நின்றார் தருமர். “சொர்க்கத்தையே வேண்டாம் என்றவர் பரம்பரை. நாம் குவார்ட்டர்ஸ் மாறும்போது விட்டுவிடுகிறோம்” என்றார்.

அமெரிக்காவில் நாயின் ஆயுளை நீட்ட மாத்திரை தயாராகிறது. லாயல் என்ற கம்பெனியின் மருந்து ஒன்றுக்கு, பலன் இருக்கலாம் என்று நம்ப நியாயமான ஆதாரம் இருப்பதாக 2025 பிப்ரவரியில் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. வேறு விஞ்ஞானிகள் ராபமைசின் என்ற மருந்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். வரட்டும். ஆனால் நம் நாய்களுக்குக் கூடுதல் வருடம் தரக்கூடியவை இப்போதே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஊருக்கு ஏற்ற நாய், தட்டில் அளவு, ஊசியில் தேதி, உண்ணி பார்க்கும் விரல்கள், ஒரு ஆபரேஷன். எதிலும் ரகசியம் இல்லை.

இந்தப் புள்ளிவிவரங்களை ஒரு மாலை நேரம் முழுவதும் பெரியவரிடம் ஒப்பித்தேன். லாப்ரடார் குட்டி வேண்டாம் என்பதில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. முப்பது கிலோ நாய், மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. பதினொரு வயதில் அதற்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் 82 வயதுக்காரர் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. மகனிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து போனார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி கதவு தட்டப்பட்டது. கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் அழுக்கு வெள்ளையாக ஒரு ஸ்பிட்ஸ். காப்பகத்து வாசல் கம்பியில் யாரோ கட்டிவிட்டுப் போனதாம். பல்லையும் கண்ணையும் பார்த்து எட்டு ஒன்பது வயது இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பல் சுத்தம் செய்தாகிவிட்டது, ஊசி போட்டாகிவிட்டது. ஆண் நாய். ஏழு கிலோ.

“இருந்தால் இன்னும் ஐந்து வருடம். 71-ம் 5-ம் 76. அப்பா 79 வரை இருந்தாரே, கணக்கு டாலி ஆகிறது” என்றார். குட்டியைத்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. இத்தனை ஆய்வுகளைப் படித்த நான், எத்தனை வருடம் இருக்கும் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வருடத்திலிருந்து என்பதை அவர் பார்த்திருக்கிறார்.

கணக்கு ஆபீஸ்காரர் ஆயிற்றே, இன்னொரு காரியமும் செய்திருந்தார். ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நாயின் ஊசித் தேதிகள், சாப்பாட்டு அளவு, டாக்டர் போன் நம்பர், தனியாக ஒதுக்கிய பேங்க் டெபாசிட் விவரம். கடைசி வரியில், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் என்று போட்டுப் பெயருக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

“கட்டாயம் இல்லை. உங்கள் வீட்டில் கேட்டுவிட்டுச் சொன்னால் போதும்” என்றார்.

சமையலறையைத் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி கதவருகில் நின்று நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலிக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படி மேல் எந்த நாயும் கால் வைத்ததில்லை. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். ஜூலியின் தண்ணீர்ப் பாத்திரத்தை எங்கிருந்தோ தேடி எடுத்து, கழுவி, நிரப்பிக்கொண்டு வந்து வைத்தாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நாய் வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் அப்படி ஒரு தாள் எழுதி வைக்கலாம். எழுபது வயதாக வேண்டும் என்பதில்லை. முப்பது வயதுக்காரருக்கும் மாற்றல் வரும், விசா வரும். வாங்குகிற அன்றே அந்தக் கடைசி வரியில் எழுத ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால், வாங்குவதை இன்னொரு முறை யோசிப்பது நல்லது.

அவர்கள் இருவரும் மாடி ஏறிப்போவதை இப்போது தினமும் பார்க்கிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். யார் முதலில் புறப்படுவது என்று கேள்வி வரும்போது, லக்னோக்காரர் லேசாகக் கையை நீட்டி நாயிடம் சொல்கிறார்: “பெஹ்லே ஆப்.”